கால் விரலில் கட்டிய கயிறு

அந்தக் கம்பைத் தொடாதீர்கள், தம்பி. எறும்பு இருக்கும்.

சின்ன எறும்புதான். சிவப்பு. கடித்தால்தான் தெரியும். கண்டக்டர் மேலே வைக்கச் சொன்னார். வைத்தால் உங்கள் தலையில் கொட்டும். அதனால்தான் முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "பெருசு, எங்க, கொடியேத்தப் போறீங்களா?" என்று கேட்டார் பாருங்கள். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

தொட்டில் கம்பு. மூங்கில். சேலையைத் தூளியாகக் கட்டினால் இரண்டு பக்கமும் வந்து குழந்தை முகத்தை மூடும். மூடாமலிருக்கக் குறுக்கே இதைக் கொடுப்பார்கள். அவ்வளவுதான். ஆத்தூரில் ஏறினதிலிருந்து நீங்கள் இதையே பார்க்கிறீர்கள். இல்லையா? அப்படியானால் முன்னால் எட்டிப் பார்க்கிறீர்களா? எதையோ பார்க்கிறீர்கள். சேலம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சொல்லிவிடுகிறேன்.

நான் எழுத்தாளன். பேர் சொன்னால் தெரியாது. விடுங்கள். இரண்டு நாவல். இரண்டாவதுக்குப் பரிசு. மூன்றாவது வரவில்லை. இருபத்தேழு வருஷமாக வரவில்லை. வயது அறுபத்தெட்டு. இனிமேல் எப்போது?

வயிற்றுப்பாட்டுக்கு அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பாடப் புத்தகம், கோயில் நோட்டீஸ், எதுவானாலும் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். காலை ஏழிலிருந்து ஒன்று வரை. என் மனைவி பரிமளா நர்ஸ். அரசாங்க ஆஸ்பத்திரி. மதியம் இரண்டிலிருந்து எட்டு. குழந்தையை ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று அந்த டூட்டியை அவளே கேட்டு வாங்கினாள். ஒன்றே முக்காலுக்கு வாசலில் வைத்துக் குழந்தையை என் கையில் கொடுப்பாள். எட்டரைக்கு வந்து வாங்கிக்கொள்வாள். நடுவில் இருப்பது ஆறே முக்கால் மணி நேரம். எனக்கு எழுதக் கிடைத்ததும் அதேதான். வேறு நேரம் கிடையாது.

அதற்கு முன்னால் பத்து வருஷம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரி வரும். இரண்டாவது வரி எழுதுமுன் முதல் வரியில் புரூஃப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அடிப்பேன். மறுபடி எழுதுவேன். மறுபடி அடிப்பேன். சாயங்காலம் பார்த்தால் காகிதத்தில் கோடு மட்டும் இருக்கும். தொழில் புத்தி.

மூத்தவள் தேன்மொழி பிறந்தாள். தூளியை ஆட்டினால்தான் தூங்குவாள். நிறுத்தினால் விழிப்பாள். எனக்குக் கை இரண்டும் வேண்டும். தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி மறு முனையை வலது கால் கட்டைவிரலில் முடிந்தேன். மடியில் அட்டையை வைத்தேன். காலை ஆட்டினேன். பேனாவை வைத்தேன்.

வந்தது, தம்பி.

தூளி போகும்போது ஒரு வரி. வரும்போது ஒரு வரி. திரும்பிப் பார்க்க நேரமில்லை. அடிக்க நேரமில்லை. கால் பாட்டுக்கு ஆடும், கை பாட்டுக்கு எழுதும், நான் எங்கேயோ இருப்பேன். அவள் கனம் அந்தக் கயிற்றில் தெரியும் பாருங்கள், விரலைப் பிடித்து இழுக்கும், விடும். இழுக்கும், விடும். அந்த இழுப்பில்தான் எழுதினேன். ஒன்றரை வருஷத்தில் முந்நூறு பக்கம். முதல் நாவல்.

கால் இடிக்கிறதா? கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். அது தானாக ஆடும். நான் ஆட்டுவதில்லை.

புத்தகம் வந்தது. நாலு பேர் கடிதம் போட்டார்கள். அடுத்தது எழுதலாமென்று உட்கார்ந்தால், குழந்தை வளர்ந்துவிட்டது. தூளியில் போட்டால் எழுந்து இறங்கிவிடுகிறாள். நான் என்ன செய்ய முடியும்? வெறும் தூளியை ஆட்டினேன்.

பரிமளா பார்த்துவிட்டாள்.

"வெறுந்தொட்டில ஆட்டாதீங்க. பிள்ளைக்கு ஆகாது."

"நீ நர்ஸு. நீயா இப்படிப் பேசறே?"

"நர்ஸுதான். பிள்ளையப் பெத்தவளும் நான்தான். ஆட்டாதீங்க."

சரி, வெறுந்தொட்டில்தானே கூடாது. எட்டு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டித் தூளியில் போட்டேன். ஆட்டினேன். ஒன்றிரண்டு பக்கம் வந்தது. நன்றாக இல்லை. அரிசி திரும்பிப் படுக்காது. மூச்சு விடாது. கயிற்றில் இழுப்பு இருந்தது, உயிர் இல்லை.

ஒருநாள் அவள் டூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தூளிக்குப் போய்ச் சேலையை விலக்கினாள். அரிசிப் பையைப் பார்த்தாள்.

"பாப்பா எங்க?"

"எதிர் வீட்டிலே இருக்கும்."

"எதிர் வீடு பூட்டியிருக்கு."

மாடிப்படிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாள் தேன்மொழி. வீட்டுக்குள்ளேதான் இருந்தாள். அதற்கு ஒரு பேச்சு, இரண்டு நாள். வீட்டுக்குள் இருக்கிற பிள்ளை எங்கே போய்விடும்?

இரண்டாவது குழந்தைக்கு நான்தான் அவசரப்பட்டேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. தெரிந்திருக்கும். பிரசவத்துக்குப் போகிற அன்றைக்கு, வலியோடு, வாசல்படியில் நின்று, "கயித்தை எடுத்து வச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். அவ்வளவு அக்கறை அப்போது.

பையன். செழியன். அவன் ஆத்தூரில்தான் இருக்கிறான், ஜவ்வரிசி ஆலையில் வேலை. ஒரு காது கேட்காது. இடது காது. "எங்க ஆலை மிஷின் சத்தத்துக்கு ஒண்ணே அதிகம்" என்பான். விளையாட்டாகப் பேசுவான். ஆனால் கவனம் போதாது. எங்கே உட்கார்ந்தாலும் எனக்கு வலது பக்கமாக வந்து உட்காருவான். இடது காது என் பக்கம் இருக்கும். நான் பேசுவதில் பாதி அவனுக்குப் போய்ச் சேராது. மாறி உட்காரடா என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதுவும் அந்தக் காதில்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

அவன் தூளியில் கிடந்தபோதுதான் இரண்டாவது நாவல். அவனுக்கு நல்ல கனம். இழுப்பு அபாரமாக இருக்கும். பத்தாவது மாதம். கடைசி அத்தியாயம். அன்றைக்கு ஆட்டம் ரொம்ப வேகமாக இருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. ஏன் வேகமென்று யோசிக்கவில்லை. ஒரே சாயங்காலத்தில் பதினோரு பக்கம். கடைசிப் புள்ளி வைக்கிறேன், பரிமளா உள்ளே வருகிறாள். சேலையை விலக்கிக் கையை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். கையெல்லாம் மஞ்சளாக இருந்தது. காதிலிருந்து சீழ். உடம்பு கொதிக்கிறது.

"எத்தனை நேரமா அழுதான்?"

"அழுதானா?" என்றேன்.

எனக்குத் தெரியாமல்தான் கேட்டேன், தம்பி. அழுதானாம். மூன்று வீடு தள்ளி இருந்தவர்கள் சொன்னார்கள். மதியத்திலிருந்து அழுதானாம். அவர்கள் வந்து கதவைத் தட்டினார்களாம். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இன்றைக்கும் கேட்கும். இந்த பஸ்ஸில் பின்சக்கரத்துப் பக்கம் ஏதோ ஒரு தகடு ஆடுகிறது, உங்களுக்குக் கேட்கிறதா? எனக்குக் கேட்கிறது.

பரிமளா கொடியிலிருந்து ஒரு துணியை உருவினாள். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, போட்டிருந்த யூனிஃபார்மோடு மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அப்புறம் எத்தனையோ வைத்தியம். சீழ் நிற்கும், மறுபடி வரும். காது போய்விட்டது.

அந்தப் புத்தகத்துக்குத்தான் பரிசு. தகப்பன் மனத்தை இவ்வளவு நுட்பமாக எழுதியவர் இல்லை என்று மேடையில் பேசினார்கள். சால்வை போட்டார்கள். பரிமளா முன் வரிசையில் செழியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் காதில் பஞ்சு. அவள் கை தட்டவில்லை. கையில் பிள்ளை இருந்ததே, அதனால்தான்.

என்ன, மறுபடியும் முன்னால் பார்க்கிறீர்கள்? வாழப்பாடி இன்னும் வரவில்லை. கேளுங்கள். இனிமேல்தான் அவள் செய்தது வருகிறது.

மூன்றாவது நாவல் தொடங்கி இருபது பக்கம் ஆகியிருந்தது. செழியனுக்கு ஒன்றரை வயது. தூளியில் அடங்கவில்லை, காலை வெளியே நீட்டுகிறான். இன்னும் இரண்டு மாதம் தாங்குவான், அதற்குள் இன்னொன்று உண்டாகிவிட்டால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு மதியம், டூட்டிக்குக் கிளம்புமுன், ஒரு தாளைக் கொண்டுவந்து என் அட்டையின் மேல் வைத்தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"என்னது?"

"ஆபரேஷனுக்கு."

"ம்."

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

படித்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பார்த்தேன். மூன்றாவது வரியில் ஒரு 'க' தலைகீழாக அச்சாகியிருந்தது. அதை வட்டம் போட்டு ஓரத்தில் குறி போட்டேன். கீழே கையெழுத்துப் போட்டேன். காலை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதம், யாருக்கோ ஆபரேஷன் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். எழுத்தைப் பார்ப்போம். என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்தால் ஒரு நாளைக்கு எட்டு அச்சுப் பாரம் முடிக்க முடியாது.

ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனவள் வீட்டுக்கு வரவில்லை. ஆள் வந்து சொன்னான். போய்ப் பார்த்தால் அவள் வேலை செய்கிற வார்டிலேயே கட்டிலில் படுத்திருக்கிறாள். குடும்பக் கட்டுப்பாடு.

"எங்கிட்டே ஒரு வார்த்தை சொன்னியா?" என்றேன்.

"ரெண்டு வார்த்தை சொன்னேன்" என்றாள். "தப்பைக்கூடத் திருத்திக் குடுத்தீங்களே. டாக்டரம்மா சிரிச்சாங்க."

அதோடு முடிந்தது. அந்த இருபது பக்கம் இருபது பக்கமாகவே இருக்கிறது. என் எழுத்தை நிறுத்தியது யார் என்று கேட்டால் நான் யாரைச் சொல்வது? கையெழுத்து என்னுடையது. நான் என்ன செய்ய முடியும்?

அவள் இப்போது செழியனோடு ஆத்தூரில் இருக்கிறாள். ஐந்து வருஷமாக. ரிடையர் ஆன மறு வாரமே போனாள். மூட்டு வலி, சேலம் வீட்டில் மாடி ஏற முடியவில்லை என்றாள். செழியன் இருப்பதும் மாடிதான். அங்கே படி அகலமாக இருக்கும் போலிருக்கிறது.

தேன்மொழிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. போன மாதம் பிறந்தது. பெண். தாய் வீட்டுப் பிரசவம் என்று ஆத்தூருக்குத்தான் வந்தாள், அம்மா அங்கே இருக்கிறாளே. எனக்குப் போன் வந்ததும் பரண் மேல் ஏறினேன். கயிறு இருந்தது. கம்பு இருந்தது. இருபத்தேழு வருஷத் தூசி. துடைத்தேன். பத்து நாள் இருப்பதாக மூன்று வேட்டி, ஒரு கட்டுக் காகிதம், இரண்டு பேனா.

வாசலில் என்னைப் பார்க்குமுன் கம்பைத்தான் பார்த்தாள் பரிமளா.

"இத இன்னுமா வச்சிருக்கீங்க?"

"நல்ல மூங்கில். தூக்கிப் போடச் சொல்றியா?"

அங்கே கடையில் வாங்கின தொட்டில். கம்பிக் கால், கொசுவலை, கீழே ஒரு தட்டு. அதில் கயிறு கட்டி இழுத்தால் மொத்தமும் நகர்ந்து வருகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன எழுத? தேன்மொழியிடம் கேட்டேன். "தூளி கட்டிக்கட்டுமா? பிள்ளைக்கு முதுகு சூடாகாது."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள். "ஒரு நாளைக்குக் கட்டிப் பாருங்கப்பா" என்றாள். ஆசைப்பட்டுக் கேட்கிறாரே என்று நினைத்திருப்பாள். தாத்தா ஆசை.

நேற்று. காலை பத்தரை இருக்கும். பரிமளா பால் வாங்கப் போனாள். தேன்மொழி குளிக்கப் போனாள். தலைக்கு ஊற்றுகிற நாள், நேரமாகும். "பாத்துக்கங்கப்பா" என்றாள். செழியன் ஆலைக்குப் போயிருந்தான். குழந்தையைத் தூளியில் போட்டேன். பூ மாதிரிதான் இருக்கிறது, ஆனாலும் கயிற்றில் கனம் தெரிந்தது. விரலை இழுத்தது. விட்டது. இழுத்தது.

வந்துவிட்டது, தம்பி. இருபத்தேழு வருஷம் நடுவில் இல்லாத மாதிரி. நாலு பக்கம். ஒரு அடித்தல் கிடையாது. நான் எங்கே இருக்கிறேன், யார் வீடு, எதுவும் தெரியவில்லை. ஐந்தாவது பக்கம் எடுக்கிறேன், கால் நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. விரல் வலித்தது. நிமிர்ந்து பார்த்தேன். செழியன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அப்போதுதான் கேட்டது. அப்படி ஓர் அழுகை. தொண்டை கட்டி, மூச்சு வாங்கி, நின்று, மறுபடி. ரொம்ப நேரம் அழுத குழந்தைதான் அப்படி அழும். கழுத்தெல்லாம் தடிப்பு. கையில், கன்னத்தில். கம்புக்குள் எறும்பு. மூங்கில் உள்ளே ஓட்டை, பரண் மேல் கிடந்ததில் குடியேறியிருக்கிறது. நான் வெளியே துடைத்தேன். உள்ளே யார் பார்க்கிறார்கள்? ஆட்ட ஆட்ட அது ஒவ்வொன்றாக இறங்கியிருக்கிறது.

தேன்மொழி ஈரத் தலையோடு ஓடிவந்தாள். "குழாய் சத்தத்துல எனக்குக் கேக்கலையேடா, எனக்குக் கேக்கலையே" என்று அவனிடம் சொல்லி அழுதாள். என்னைப் பார்க்கவில்லை.

பரிமளா வந்தாள். பாலைக் கீழே வைத்தாள். குழந்தையை மடியில் போட்டு ஒவ்வொரு கடியாகத் துடைத்து மருந்து வைத்தாள். முப்பது வருஷ நர்ஸ், ஒரு கடியைக்கூட விடவில்லை. முடித்துவிட்டு, "காலைல பத்து மணி பஸ்ஸுல போனீங்கன்னா கூட்டம் இருக்காது" என்றாள். பத்து நாளைக்கென்று வந்தவன். இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வெயில் ஏறுமுன் போய்ச் சேரட்டுமென்று நினைத்திருக்கலாம். அவளுக்கு எப்போதும் அந்த யோசனை உண்டு.

செழியன் கீழே கிடந்த நாலு பக்கத்தைப் பொறுக்கினான். நின்றபடியே முதல் வரியைச் சத்தமாகப் படித்தான். 'குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.' மேலே படிக்கவில்லை. அடுக்கி, நாலாக மடித்து, என் சட்டைப் பையில் வைத்தான்.

"நல்லா இருக்குப்பா" என்றான்.

இதோ இருக்கிறது. படிக்கிறீர்களா? வேண்டாமா. சரி.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அவன் எப்படி வந்தான்? ஆலையில் இடைவேளை, டீ குடிக்கத் தெருமுனைக்கு வந்தானாம். அங்கேயே கேட்டதாம். டீயை வைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறான். ஒரு காதுக்காரன். தெருமுனையில். லாரி போகிற ரோடு. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன், இரண்டு காதோடு. நேற்றிலிருந்து அதையே யோசிக்கிறேன். சேலத்தில் வீட்டு உத்தரத்தில் கொக்கி இருக்கிறது. கயிறு பையில் இருக்கிறது. ஐந்தாவது பக்கம் என்ன வரும் என்பதுகூடத் தெரியும். எதை வைத்து ஆட்டுவது? இந்தக் கம்பை எங்கே போடுவது? சொல்லுங்கள். படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள்.

சொல்லாமல் முன்னாலேயே பார்த்தால் எப்படி?

என்ன? குழந்தையா? எந்தக் குழந்தை?

மூன்றாவது சீட்டிலா. சரி, தெரிகிறது. அந்தப் பெண் தோளில் போட்டுத் தட்டுகிறாளே, அதுவா. அழுகிறதா? எப்போதிலிருந்து?

ஆத்தூரிலிருந்தா.

இருங்கள். பேசாதீர்கள். வாய் திறந்திருக்கிறது. முகம் சிவந்திருக்கிறது. எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அந்தத் தகடு ஆடுவது கேட்கிறது. கண்டக்டர் விசில் கேட்கிறது.

காலா? ஆமாம், ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. நான்தான் சொன்னேனே, நான் ஆட்டுவதில்லை. பிடித்தால் நிற்க மாட்டேன் என்கிறது. கம்பை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். எறும்பு கிடக்கட்டும், கடித்தால் கடிக்கட்டும். இந்த முழங்காலைக் கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள், தம்பி. இன்னும் அழுத்தி. வெட்கப்படாதீர்கள்.

ஆ.

கேட்கிறது. விடாதீர்கள்.